சேகரித்தவர், இடம்

நா. வானமாமலை தொகுத்து 1964இல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலில், பாடல்கள் முடிகிற இடத்தில் இரண்டு குறிப்புகள் வரும். 'சேகரித்தவர்' என்று ஒரு பெயர். 'இடம்' என்று ஓர் ஊர், அதன் வட்டாரம், மாவட்டம். சில பாடல்களுக்கு 'உதவியவர்' என்று இன்னொரு பெயரும் இருக்கும். தாலாட்டு, காதல், உழவு, ஒப்பாரி என்று புரட்டிக்கொண்டே போனால் இந்தக் குறிப்புகள் தாளக்கட்டு மாதிரி திரும்பத் திரும்ப வருகின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் கட்டியவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கட்டியவள் பெயரைப் போடத்தான் அந்தப் படிவத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.

வானமாமலையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டைக் கேட்டு எழுதிவந்தவர்களின் பெயரை ஒவ்வொரு பாடலுக்கும் கீழே போட வேண்டும் என்று நினைத்தவர் அவர். தன் பெயரை மட்டும் அட்டையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அப்படி இருந்தவர்களும் உண்டு. 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பெர்சி மெக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டிவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 'மலையருவி'யை வெளியிட்டது. கோவர், மெக்வீன், கி.வா.ஜ. என்று நமக்கு ஞாபகம் இருக்கிறது. வானமாமலை ஒரு படி கீழே இறங்கி, சேகரித்தவர் வரைக்கும் வந்தார். அதற்கும் கீழே இருந்த படியில் அழுதுகொண்டிருந்தவள் இருந்தாள்.

பிறகு பல்கலைக்கழகங்கள் வந்தன. நாட்டார் வழக்காற்றியல் ஒரு துறையானது. ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் 'தகவலாளி பட்டியல்' என்று ஒன்று சேர்ந்தது: பெயர், வயது, சாதி, தொழில், ஊர். இது முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தகவலாளி என்றால் அவளிடம் இருப்பது தகவல். அது நம் மேசைக்கு வந்து, நம் கையெழுத்தில் இறங்கிய பிறகே இலக்கியம் ஆகிறது. அவள் சாதியைக் கேட்டு எழுதிக்கொள்ளும் படிவம், அந்தப் பாட்டில் எந்த வரி அவளுடையது என்று கேட்பதில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஏறக்குறைய எங்கள் தமிழ்த்துறைகள் மாதிரிதான் யோசிக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்க விரும்புகிறேன். சட்டப் புத்தகத்தை வக்கீல்கள்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. அதுவும் ஒரு பிரதி. அதிலும் தன்மை, முன்னிலை, படர்க்கை உண்டு. யார் பேசலாம், யார் பேசினால் காதில் விழாது என்ற இலக்கணம் உண்டு.

முதலில் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'பதிப்புரிமை'. பதிப்பிக்கும் உரிமை. தாளும் மையும் அச்சும் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. 'காப்புரிமை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. 1957இல் இயற்றப்பட்ட சட்டம் இசை ஆக்கம் என்றால் என்ன என்று ஒரு விளக்கம் தந்தது. அச்சிடப்பட்டோ, எழுதப்பட்டோ, வேறு வகையில் வரைவடிவம் பெற்றோ இருக்கிற மெட்டும் இசைவும்தான் அந்த விளக்கத்துக்குள் வந்தன. அதாவது சுதந்திர இந்தியாவின் சட்டத்தின்படி, எழுதப்படாத மெட்டு மெட்டே அல்ல. 1994இல் திருத்தம் வந்து, அது 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் எழுத்துக் குறிப்பு இல்லாமலும் இசை இசையாக இருக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. நம் பாட்டிகளில் பலர் அதற்குள் பாடி முடித்துவிட்டார்கள்.

நடனத்துக்கும் இதே கதை. நடன அமைப்பு நாடக ஆக்கமாகக் கருதப்பட, அது எழுத்திலோ வேறு விதத்திலோ நிலைபெற்றிருக்க வேண்டும் என்கிறது சட்டம். தலைமுறை தலைமுறையாகத் தேவரடியார் குடும்பத்துப் பெண்களின் உடம்பில் நிலைபெற்றிருந்த அடவுகளை 'வேறு விதம்' என்று அந்தக் காலத்தில் எந்த நீதிமன்றம் எடுத்துக்கொண்டிருக்கும்?

எழுத்தில் இல்லாத பாட்டை ஒருவர் ஒலிப்பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் உடனே விழித்துக்கொள்கிறது. ஒலிப்பதிவுக்கு 'ஆசிரியர்' உண்டு. யார்? பதிவு செய்வதற்கு முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுக்கொண்டவர், அதாவது தயாரிப்பாளர். கைபேசியை நீட்டியவர் ஆசிரியர். அவருக்கு 60 ஆண்டு உரிமை. பாடிய பெண்? 1994 திருத்தம் அவளை 'நிகழ்த்துநர்' என்று ஏற்றுக்கொண்டது. அவள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. அந்த உரிமை அவளுக்கு 50 ஆண்டு உண்டு. 2012 திருத்தம் நிகழ்த்துநராகத் தன் பெயரைச் சொல்லக் கோரும் உரிமையையும் கொடுத்தது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. களப்பணிக்குப் போகிற எந்த மாணவியும் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். ஆனால் நிகழ்த்துநர் என்பவள் இருக்கிற பாட்டைப் பாடுகிறவள். பாட்டைக் கட்டியவள் என்ற நாற்காலி காலியாகவே இருக்கிறது. 'மரபுப் பாடல்' என்று போட்டுவிட்டால் அந்தக் காலி நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

தமிழில் இதற்கு வேறொரு வழி இருந்தது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் 'சேகரித்தவர், இடம்' என்று எழுதிவைக்கவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு பெயரை உண்டாக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார். அணிலாடு முன்றிலார். விட்ட குதிரையார். பெயர் தெரிந்த பெண்ணுக்கும்கூட அவள் பாடியதே அடைமொழியாயிற்று: காக்கைபாடினியார் நச்செள்ளையார். இந்தப் பாட்டை யாரோ ஒருவர் செய்திருக்கிறார், இந்த உவமை அவருடையது, அதனால் இது அவர் பெயர். பெயர் தெரியாமை என்பது பெயர் போடாமல் விடுவதற்குக் காரணமாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் சங்கத் தொகுப்பைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஒப்பாரிகளில் ஒன்று. அதைப் பாடியவர்கள் பெயர் 'பாரி மகளிர்'. அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பிற்கால வழக்கு. நிலவையும் மலையையும் தந்தையையும் ஐந்தே அடிகளில் இழந்த அந்தக் கவிகள், தொகுப்புக்குள் அப்பாவின் பெயரில்தான் நுழைய முடிந்தது. மகள், மனைவி, விதவை: பெண் படைப்புரிமைக்குள் வருகிற வாசல்கள் இவை. இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

ஒப்பாரியை நான் உதாரணமாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒப்பாரி என்பது சாவைப் பற்றிய பாட்டு என்றுதான் பாடத்திட்டம் சொல்கிறது. கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் சொத்தைப் பற்றிய பாட்டு. பிறந்த வீட்டின் மாடம், தோட்டம், கிணறு, ஊஞ்சல் என்று பட்டியல் போட்டுப் பாடுகிறாள். அப்பா இருந்தவரை திறந்திருந்த கதவை அண்ணன் சாத்துகிறான், அண்ணி தாழ்ப்பாள் போடுகிறாள். தாலி போனதும் புகுந்த வீட்டில் தன் இடம் திண்ணைக்கு வந்துவிட்டதைக் கணக்குச் சொல்கிறாள். பங்கு இல்லாதவளின் பாகப் பத்திரம் அது. தமிழ்நாட்டில் பிறந்த வீட்டுக் கூட்டுச் சொத்தில் இந்துக் குடும்பத்து மகளுக்குச் சம பங்கு தந்த திருத்தம் 1989 மார்ச் 25இலிருந்து அமலுக்கு வந்தது. அன்றைக்கு முன்பே கல்யாணம் ஆகிப் போனவர்களுக்கு அதிலும் இடம் இல்லை. அந்தப் பெண்கள் எனக்கு அக்கா வயசு, அம்மா வயசு. நிலத்தில் பங்கு கிடைக்காததை அவள் பாட்டாகக் கட்டினாள். அந்தப் பாட்டிலும் அவளுக்குப் பங்கு இல்லை என்று இன்னொரு சட்டம் சொல்கிறது.

வாய்மொழி மரபில் உடைமை என்ற எண்ணமே கிடையாது, எல்லாம் எல்லோருக்கும் சொந்தம் என்று கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் களத்தில் அப்படி இல்லை. ஒப்பாரியை வீட்டுக்குள் உட்கார்ந்து பாடச் சொன்னால் பெரும்பாலான பெண்கள் மாட்டேன் என்பார்கள். நல்ல நாளில் பாடமாட்டார்கள். கோயில் திடலுக்கோ, ஊருக்கு வெளியே மரத்தடிக்கோ கூட்டிக்கொண்டு போனால்தான் வாய் திறப்பார்கள். "இது எங்க அம்மா பாட்டு" என்பார்கள்; "அது அவ பாட்டு, அவளக் கேளு" என்பார்கள். யாருக்காக, எப்போது, எங்கே பாடலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மறுக்கிற உரிமை இருக்கிறது. வழக்கறிஞர்கள் உடைமை என்று சொல்வதன் பாதி இதுதானே? இதற்குச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை என்பதால் இப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நாம்தான் எழுதிவைத்தோம்.

நான் குடியிருக்கும் அம்பத்தூரில் இதைத் தெருவிலேயே பார்க்கலாம். சாவு வீட்டு வாசலில் ஷாமியானா. உள்ளே ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றிப் பெண்கள். தெருவில் நாற்காலி போட்டு, மைக் பிடித்து, ஆண்கள் மரண கானா பாடுகிறார்கள். பாட்டுக்கு இடையில் பாடகர் தன் பெயரையும் தன் குழுவின் பெயரையும் சொல்கிறார். கைபேசிகள் அவரைப் பதிவு செய்கின்றன. மறுநாள் அது யூடியூபில் ஏறுகிறது. அவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர், அவர் பெயர் நிற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. உள்ளே அழுத பெண்களின் பாட்டு, பெட்டியோடு வண்டியில் ஏறிப் போய்விடுகிறது.

அம்பத்தூர் நடைமேடையில் நின்றால் வரும் அரக்கோணம் லோக்கலின் கடைசி நிறுத்தத்திலிருந்துதான் இந்தக் கேள்வி உலகத்துக்குப் போனது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. பாடியவர்கள் தீயும் அரக்கோணத்துக்காரரான அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா என்ற நிறுவனம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதைகளே அதன் வேர் என்று அறிவு சொன்னார். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயின் படம் இருந்தது, அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு அங்கே இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தானே என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். மற்ற இருவரும் தங்கள் பங்கை விளக்கினார்கள். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில் அவரே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று காணொளியில் சொன்னார்.

அந்தச் சண்டையில் சாதி இருந்தது. அதை மறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தலித் கலைஞனை அவன் பாட்டின் படத்திலிருந்தே வெட்ட முடிகிறது என்பதை அந்த அட்டை காட்டியது. ஆனால் பெண்ணியவாதியாக இன்னும் சிலவற்றையும் கவனிக்கிறேன். அட்டைப்பட முடிவுக்கு, விழா மேடைக்கு எல்லாம் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் வேறு யாரோ. இணையத்தில் வசைகளை வாங்கிக்கொண்டது இருபதுகளில் இருந்த பாடகி. விழாவில் பாடிய கிடாக்குழி மாரியம்மாள் ஆண்டுக்கணக்காக மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிவருகிறவர். அன்றைய விவாதத்தில் அவர் பெயர் 'அறிவுக்குப் பதிலாக வந்தவர்' என்ற அளவில் முடிந்துபோனது. வள்ளியம்மாள்? மூவருக்கும் சமம் என்ற கணக்கில் நாலாவது ஆள் இல்லை. சட்டப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கதைக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்கு மட்டுமே உண்டு என்று 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டி பேரனுக்குச் சொன்னது கதை. அறிவு அவர் பெயரை மேடைதோறும் சொன்னார். பிறகு தன் தொகுப்புக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். மகளிர் அப்பாவின் பெயரில் தொகைக்குள் வந்த ஊரில், ஒரு பேரன் பாட்டியின் பெயரில் வருகிறான். சட்டம் கேட்காததை அவர் தானாகச் செய்தார்.

இனி விட்ட இடத்துக்கு வருகிறேன்: மகள், மனைவி, விதவை. பாரதி இறந்தது 1921இல். மறு ஆண்டே செல்லம்மா பாரதி, பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் 'சுதேச கீதங்க'ளைப் பதிப்பித்தார். கடன், குடும்பம், விற்காத பிரதிகள். கடைசியில் உரிமைகள் கணவரின் தம்பி சி. விசுவநாத ஐயரிடம் போயின. பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1948இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி.கே. சண்முகம் சகோதரர்கள்மீது அவர் வழக்குத் தொடுக்க, பாரதி பாடல்களை விடுதலை செய் என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949இல் அரசு உரிமைகளை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் பணம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000. ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு கவியின் எழுத்தை ஓர் அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்ததைத் தமிழர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளலாம்தான். எனக்கு அந்தக் கதையில் செல்லம்மாவின் கையெழுத்து மட்டும் உறுத்துகிறது. முதல் பதிப்பாளர் அவர். உரிமையை எழுதிக்கொடுத்தபோதும், பொதுவுடைமை இயக்கத்தார் ஒப்புதல் கேட்டு வந்தபோதும் கையெழுத்துப் போட்டவர் அவர். கொடுக்கிற இடத்தில் எல்லாம் அவர் பெயர் தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. 'பாரதியார் சரித்திரம்' செல்லம்மா சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதியது என்பார்கள். அட்டையில் ஆசிரியர் செல்லம்மா பாரதி. சொன்னவர் ஆசிரியர், எழுதியவர் துணை. நாட்டுப்பாடல் நூல்களில் இதே உறவு தலைகீழாகிவிடுகிறது. சொல்கிறவரை ஆசிரியராக ஏற்க முடியாது என்பது ஒன்றும் இயற்கை விதி அல்ல. சொல்கிறவரின் கணவர் யார் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த 'ம்பூபே' என்ற பாட்டு, பத்து ஷில்லிங்குக்குக் கைமாறி, அமெரிக்காவில் வேறு பெயரில் புகழ்பெற்று, 1994இல் 'தி லயன் கிங்' படம் வரைக்கும் போனது. லிண்டா 1962இல் ஏழையாகச் செத்தார். பிரிட்டிஷ் பேரரசின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆசிரியர் இறந்து 25 ஆண்டு கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு மூலையில் கிடந்த விதியைக் கண்டுபிடித்து, அவர் மகள்கள் சார்பில் 2004இல் வழக்குப் போட்டார்கள். 2006இல் சமரசம் ஆனது. ஆட்சி போன பிறகும் அந்த ஆட்சியின் விதி மகள்களுக்கு உதவியது. ஆனால் அந்தப் பாட்டை லிண்டாதான் செய்தார் என்பதற்கு இசைத்தட்டு இருந்தது. ஒப்பாரி கட்டியவளின் மகள் எதைக் கொண்டுபோய் நீட்டுவாள்?

பெண் தன் பெயரிலேயே ஆசிரியராக நின்று போராடிய வழக்கு ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போனால் சட்டத்தின்மேல் அநியாயப் பழி போட்டவளாவேன். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரியின் 'ஆப் கா பண்ட்டி' நாவல். பெற்றோரின் மணவிலக்குக்கு இடையில் மாட்டிக்கொண்ட பையன். கல்லூரி முதல்வராக வேலை பார்க்கும் தாய் ஷகுன். படமாக்கும் உரிமையை மன்னு பண்டாரி முறைப்படி விற்றிருந்தார். படம் தயாரானபோது ஷகுனை அடையாளம் தெரியவில்லை. விற்ற பிறகு உனக்கென்ன பேச்சு என்பதுதான் எதிர்வாதம். 1986இல் தில்லி உயர் நீதிமன்றம், சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தரும் தனி உரிமை, பொருளாதார உரிமையை விற்ற பிறகும் அவரிடமே நிற்கும் என்றது. வாங்கியவர் மாற்றலாம், சிதைக்கக் கூடாது. எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், என் மதிப்பைக் குலைக்கும்படி அதைத் திரிக்காதே என்று தடுக்கும் உரிமையும் அந்தப் பிரிவில் உள்ளன. இந்தியாவில் எழுதுகிற ஒவ்வொருவரும் இன்று சாய்ந்துகொள்ளும் தூண்களில் ஒன்று இந்தத் தீர்ப்பு. அதை நட்டவர் ஒரு பெண் எழுத்தாளர். ஆனால் வழக்கு முடிந்த விதத்தைப் பாருங்கள்: இரு தரப்பும் சமரசத்துக்கு வந்து, படத்திலிருந்து அவர் பெயரும் நாவலின் பெயரும் நீக்கப்பட்டன. பெயருக்கான உரிமையை நிலைநாட்டியவர், அந்த உரிமையைப் பயன்படுத்தித் தன் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தன் பெயர் எங்கே இருக்கக் கூடாது என்று சொல்ல முடிவதும் உடைமைதான். இதைத்தான் மரத்தடிக்கு வந்தால் பாடுகிறேன் என்ற பெண்ணும் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமூகத்துக்கு மொத்தமாக உரிமை தரும் வழிகளும் இருக்கின்றன. நீலகிரியில் தோடர் பெண்களின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சட்டம் பண்டங்களுக்கானது. பாட்டு அதில் வராது. ஜெனிவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குழு ஒன்று மரபுக் கலை வெளிப்பாடுகளைப் பற்றி 2000இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறது. 2024 மே மாதம் ஒப்பந்தமாக முடிந்தது மரபணு வளங்களும் அவற்றைச் சார்ந்த மரபறிவும்தான். மருந்துக் கம்பெனிகளுக்கு வேலை இருக்கிற இடத்தில் பேச்சு முடிகிறது.

பண்டமாக மாறுவதிலும் ஆபத்து உண்டு. காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தையல் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன்கள் போகின்றன. அதில் ஒருத்தி வாசலில் போடும் கோலம், பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கலை ஆக்கம். கலைத்தரம் இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை, இந்த ஒரு விஷயத்தில் அது விமர்சகர்களைவிடப் பெருந்தன்மையானது. அதே கோலத்தை அவள் ஒரு நைட்டித் துணிக்கான வடிவமைப்பாக வரைந்துகொடுத்தால்? வேலையின் பகுதியாகச் செய்திருந்தால் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் முதலாளி. வெளியே இருந்து வரைந்து, வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், 15ஆம் பிரிவு: அவள் அனுமதியோடு தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் அது அச்சேறியதும் அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை போய்விடும். 51ஆவது நைட்டி யாருடையது என்று கேட்டால் மாணவிகள் சிரிக்கிறார்கள். அவர்களில் சிலருடைய அம்மாக்கள் அந்த வேனில் போகிறவர்கள்.

கவிதை எழுதுகிற பெண்களுக்கு இது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்புக்குக் கீழே என் கவிதை ஒன்று எனக்கே வாட்ஸ்அப்பில் மூன்று முறை வந்திருக்கிறது, ஒரு முறை 'யாரோ ஒரு அம்மா எழுதியது' என்ற பின்குறிப்போடு. ஒரு தொகைநூலில் என் கவிதை என்னைக் கேட்காமல் வந்தது. தொகுத்தவரிடம் கேட்டபோது, உங்களைக் கௌரவப்படுத்தத்தானே சேர்த்தோம் என்றார். கௌரவம் என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் பெண்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. 'அனைத்து உரிமைகளும் எங்களுக்கே' என்று ஒரு வரி அடித்த தாளை நீட்டுகிறவர்களிடமும்தான். 19ஆம் பிரிவைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாட்டுக்கு, எவ்வளவு பணம் என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிவைத்துக்கொண்டு ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தால் தவிர, உரிமை உங்களிடமே திரும்பிவரும். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதிய நொடியிலேயே அது உங்களுடையது. 2012க்குப் பிறகு, திரைப்படத்துக்குப் பாட்டெழுதுகிறவர் உரிமைத்தொகையில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது மட்டும் விலக்கு. திரைக்குப் பாட்டெழுத வரும் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகட்டும்.

எழுதுகிறவளுக்கு இவ்வளவு கருவி இருக்கிறது. எழுதாதவளுக்கு ஒன்றும் இல்லாதபோது, அவளிடம் போகிற நாம்தான், அதாவது படித்த பெண்கள்தான், அவளுக்கு நெருக்கத்தில் இருக்கும் சட்டம். சேகரித்தவர் என்ற இடத்தில் இப்போது நம் பெயர் இருக்கிறது.

பட்டாபிராம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி தன் முதுகலை ஆய்வேட்டுக்குப் பாட்டியின் ஒப்பாரிகளை எடுத்தாள். பதிவு செய்வதற்கு முன்னால் சம்மதம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். பாட்டி இரண்டு நிபந்தனை போட்டார். "எம் பேரு மட்டும் போடாத. எங்க ஆத்தா பேரையும் போடு, பாதி அது கட்டுனது." அடுத்தது, செத்துப்போன தாத்தாவுக்கும் ஒரு பிள்ளைக்கும் பாடியது மூன்று இருக்கிறது; கேட்கலாம், எழுதக் கூடாது. ஆய்வேட்டின் முகப்பில் ஆய்வாளர், நெறியாளர் என்று இரண்டு இடங்கள்தான் உண்டு. அதை மாற்ற எங்களால் முடியவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'கட்டியவர்' என்று இரண்டு பெயர்களையும் போட்டாள். தராத மூன்றுக்கும் எண் மட்டும் போட்டு, பக்கத்தை வெறுமையாக விட்டாள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் புரட்டிக்கொண்டே வந்து, 14க்கு அப்புறம் பாட்டு 18இல்தானே இருக்கிறது, நடுவில் அச்சு விட்டுப்போனதா என்று கேட்டார்.

"விட்டுப்போகல சார்," என்றாள். "அது பாட்டி குடுக்கல."